கைப்பேசி நமக்கென வகுக்கும் வரிசை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவில் இன்று கைப்பேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஒரே கூடத்தில் அமர்ந்து தந்தையும் மகனும் யூடியூபைத் திறக்கிறார்கள். தந்தைக்கு ஒரு வரிசை வருகிறது. மகனுக்கு முற்றிலும் வேறான வரிசை வருகிறது. ஒரே நாளிதழை வீட்டார் அனைவரும் மாற்றி மாற்றிப் படித்த காலத்தில் இவ்வாறு நேர்ந்ததில்லை. இவ்வரிசையை வகுப்பது எது, எந்த நோக்கத்திற்காக வகுக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியம் எனக் கருதியே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

இப்பணியைச் செய்யும் கணக்கு முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூனின் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழியில் திரிந்தே இச்சொல் பிறந்தது. அவர் இயற்றிய இயற்கணித நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியதாகும். மதரஸாவில் ஃபராயிள் பாடம் ஓதியோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். மரணித்தவரின் சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதற்கடுத்து வஸிய்யத், பின்னர் வாரிசுகளின் பங்கு என்று ஓர் ஒழுங்கு உண்டு. இவ்வாறு படிப்படியாக வகுக்கப்பட்ட கணக்கு முறையே அல்காரிதம் எனப்படுகிறது.

இனி, பரிந்துரை எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். பிரியாணி அரிசி வாங்குபவரிடம் நம் மளிகைக் கடைக்காரர், "நெய் வேண்டாமா?" என்று கேட்பார். அரிசி வாங்கிய பலரும் நெய்யும் வாங்கியதை அவர் கண்டிருக்கிறார். அமேசான் நிறுவனத்தார் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறையும் ஏறக்குறைய இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. கணினிக்கு அரிசியின் சுவையும் தெரியாது. நெய்யின் மணமும் தெரியாது. இவ்விரண்டும் சேர்ந்தே விலைபோகின்றன என்ற எண்ணிக்கை மட்டுமே அதற்குத் தெரியும்.

இதனினும் முந்தைய முறை ஒன்றும் உண்டு. ஒரே கட்டுரைகளுக்கு ஒரே விதமாக மதிப்பெண் இட்ட இருவர், இனி வருவனவற்றையும் ஒரே விதமாகவே விரும்பக்கூடும் என்ற அடிப்படையில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தாரும் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தாரும் 1994ஆம் ஆண்டிலேயே ஓர் ஏற்பாட்டை உருவாக்கினர். நாம் பார்ப்பவற்றையே பார்க்கும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் விருப்பம் நம் விருப்பமாகக் கணிக்கப்படுகிறது.

2006ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், தன் கணிப்பை 10 விழுக்காடு மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் வாடிக்கையாளர்கள் 17,770 திரைப்படங்களுக்கு அளித்த 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களைப் பெயர்களை நீக்கி வெளியிட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, 2009இல்தான் ஒரு குழு வென்றது. இதற்கிடையில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், அம்மதிப்பெண்களை வேறோரிடத்தில் பொதுவில் கிடைத்த மதிப்பெண்களுடன் ஒப்பிட்டுச் சிலரை அடையாளம் காண முடியும் என்று நிறுவினர். அந்தரங்கம் குறித்த எதிர்ப்பால் இரண்டாவது போட்டி 2010இல் கைவிடப்பட்டது. பெயரை நீக்கிவிட்டால் மட்டும் மனிதர் மறைந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

அன்பர்களே! கணக்கு எதை நாடிச் செய்யப்படுகிறது என்பதே முதன்மையான வினா. யூடியூப் 2012ஆம் ஆண்டு முதல், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைக் காட்டிலும் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதன்மை அளித்தது. கோடிக்கணக்கான காணொளிகளிலிருந்து முதலில் சில நூறைத் தேர்ந்து, பின்னர் அவற்றைத் தரவரிசைப்படுத்தி நம்முன் வைக்கிறது. நாம் தங்கும் நேரம் கூடினால் விளம்பர வருமானமும் கூடும். ஃபேஸ்புக் 2017ஆம் ஆண்டு முதல் கோபக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைப் போல் ஐந்து மடங்கு எடை அளித்தது. கோபக்குறியின் எடை 2020இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. வெறுத்துப் பார்த்தாலும் கணக்கில் அது பார்த்ததாகவே பதிவாகும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு. சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவர், மாத்திரையின்றியே நோய் தீரும் என்று கூறும் காணொளி ஒன்றை இறுதிவரை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அத்தகையவை மூன்று வருகின்றன. பத்தாம் நாள் அவர் பக்கம் முழுவதும் அவையே. "எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், மருத்துவர்தான் மறைக்கிறார்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அவர் கூறும் 'எல்லோரும்' யார்? அவருடைய முதல் விரல் தொடுதலின் எதிரொலியே. பக்கத்துத் தெருவாரைப் பற்றியோ பிற சமூகத்தாரைப் பற்றியோ பரவும் வதந்தியும் இவ்வழியிலேயே நம் உள்ளத்தில் 'ஊரறிந்த உண்மை'யாகிவிடுகிறது.

இக்கணக்கால் பயனே இல்லை என்று நாம் கூறவில்லை. படிக்கும் பிள்ளைக்கு நல்ல கணிதப் பாடத்தைத் தேடித் தருவதும் இதுவே. தீங்கான தவறான தகவல்களின் பரிந்துரையைக் குறைப்பதாக யூடியூப் 2019இல் அறிவித்ததையும் குறிப்பிட வேண்டும். ஆயினும் ஃபராயிளில் பங்கு குறைந்த வாரிசு, "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். இங்கு நமக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டம், பரிந்துரையின் முக்கிய அளவுகோல்களை வெளியிடவும், மிகப் பெரிய தளங்கள் தனிநபர் விவரங்களைச் சாராத வரிசை ஒன்றையும் அளிக்கவும் கட்டளையிட்டுள்ளது.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. இன்றிரவே வீட்டில் இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்து, முகப்புப் பக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வேண்டாதது வந்தால் 'ஆர்வமில்லை' என்பதை அழுத்துங்கள். பார்த்தவற்றின் பதிவை அவ்வப்போது அழியுங்கள். அப்பதிவை நீக்கி நிறுத்தியும் வைத்தால், யூடியூபின் முகப்பில் பரிந்துரைகள் வாராதிருக்கும் ஏற்பாடு 2023 முதல் உள்ளது. தானாக அடுத்தது ஓடும் வசதியை நிறுத்திவிட்டு, வேண்டியதை நீங்களே தேடுங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொடுங்கள். இல்லையேல் தந்தை பார்த்ததன் தொடர்ச்சி பிள்ளையின் கண்முன் வந்து நிற்கும். நோய்க்கு மருத்துவரைக் கேளுங்கள். ஒருவரைப் பற்றிய செய்தியாயின் அவரிடமே கேளுங்கள்.

இவற்றைத் தனியே செய்யப் பெரியோர் பலரால் இயலாது. ஆகவே கைப்பேசியில் தேர்ந்த நம் இளைஞர்கள், மாதம் ஒரு ஞாயிறு அஸருக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்து, வருவோருக்கு இவற்றைப் பொறுமையுடன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இக்கூட்டத்தில் கோரிக்கை வைக்கிறோம். நிர்வாகக் குழு இதனை ஏற்று, முதல் நாளைக் குறித்து அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.