கொடுத்து வைத்த செடி



என்ஜினியரைக் கூப்பிட்டால் மோட்டாரைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது முருங்கைப் போத்து.

எங்க அம்மிச்சி மூலனூரிலிருந்து கொண்டு வந்து நட்ட மரம். பி.கே.எம்.1 போல விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கை அல்ல. போத்தில் வரும் மரமுருங்கை. கிளையை வெட்டி நட்டால் தாய்மரத்தின் குணம் மாறாது. வீடு இடித்துக் கட்டும்போது அதை வெட்டச் சொன்னவன் நான். ஒரு போத்துக்கூட எடுத்து வைக்கவில்லை. அம்மிச்சி ஒன்றும் பேசவில்லை.

அவர் காலமான பின்பு தேடினேன். எப்போதோ அவர் கொடுத்த போத்து அடுத்த தெருவில் மரமாகி நின்றது. "உங்க அம்மிச்சி மரந்தானுங்க தம்பி, வேணுங்கறத வெட்டிக்கங்க" என்றார் அந்த வீட்டு அக்கா. கொடுத்தது மட்டுந்தான் மிஞ்சியது!

அதிலிருந்து ஆடியில் ஒரு ஞாயிறு செடி மாற்றிக்கொள்கிறோம். ஒன்று கொண்டு வந்தால் ஒன்று எடுத்துப் போகலாம். செடியின் பேரும் ஊரும் சீட்டில் எழுதணும். புதுச்செடியை இரண்டு வாரம் தனியே வைக்கணும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் இந்தியாவிலேயே முதலில் கண்டறியப்பட்டது நம்ம கோவையிலுங்க!

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, மறு வருடம் 4 கிலோ திரும்ப வாங்கினார். நாங்கள் வட்டி கேட்பதில்லை. யாருடைய செடியாவது பட்டுப்போனால், வாங்கியவர் ஒரு கன்று திருப்பித் தந்தால் போதும்.

அடுத்த சந்திப்புக்கு வெறுங்கையோடு வராதீங்க. விடுதித் தம்பி தங்கைகளே, டப்பாவில் ஒரு கற்பூரவள்ளி போதும்.