மூவர் மேளம்



ஐரோப்பிய ஜாஸ் மூவர் குழுக்களின் கச்சேரிகளையும் இசைத்தட்டுகளையும் பற்றி மதுரையில் என்ன பேச்சு என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: 1960களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் எழுந்த கட்டற்ற ஜாஸைக் கேட்பதற்கு, கோயில் மேளமும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த காதைப்போல் பக்குவப்பட்ட காது வேறில்லை. அந்த இசையைக் கேட்டால் நம் மேளத்தைப் பற்றியும் நமக்குச் சில உண்மைகள் தெரியவரும்.

மேற்கத்திய இசை மதுரைக்குப் புதிதல்ல. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றிய இங்கிலீஷ் நோட்டை மதுரை மணி ஐயர் பாடிப் பாடியே ஊரறியச் செய்தார். ஆனால் அது வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டைத் தழுவிய இனிய உருப்படி. நான் இன்று பேசும் இசை அவ்வளவு எளிதில் மனத்தில் ஒட்டாது. முதல் முறை கேட்பவர் பலர் இதை வெறும் சத்தம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நையாண்டி மேளத்தைப் பற்றியும் இதே ஊரில் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறோம். அதனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவசரமாகத் தீர்ப்பெழுத வேண்டாம்.

1967 அக்டோபரில் தொடங்குகிறேன். ஜெர்மனியின் கறுப்புக் காட்டுப் பகுதியில் ஃபிலிங்கன் என்று ஒரு சிறிய ஊர். வானொலிப் பெட்டி தயாரித்துவந்த சாபா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் அங்கே இருந்தது. எம்.பி.எஸ். என்று பின்னாளில் பெயர்பெற்ற இசைத்தட்டு நிறுவனம் அதிலிருந்து கிளைத்ததுதான். அந்தக் கூடத்தில் இரண்டு மூவர் குழுக்கள் எதிரெதிரே உட்கார்ந்தன. ஒரு பக்கம் சுவிட்சர்லாந்தின் ஐரீன் ஷ்வைட்சர் பியானோ, ஊலி ட்ரெப்டெ பாஸ், மானி நொய்மையர் டிரம்ஸ். ஷ்வைட்சருக்கு அப்போது 26 வயது. மறுபக்கம் திவான் மோதிஹார் சிதார், கேசவ் சாத்தே தபலா, குசும் தாக்கூர் தம்பூரா. இவர்களோடு டிரம்பெட் வாசிக்க ஜெர்மானியரான மான்ஃப்ரெட் ஷோஃபும், சாக்சபோன் வாசிக்கப் பிரெஞ்சுக்காரரான பார்னி வீலனும் சேர்ந்தார்கள். ஏற்பாடு செய்தவர் யோவாக்கிம் எர்ன்ஸ்ட் பெரண்ட் என்ற ஜெர்மானிய விமர்சகர். ‘ஜாஸ் மீட்ஸ் இந்தியா’ என்று தட்டுக்குப் பெயர் வைத்தார்கள். மொத்தம் மூன்றே பகுதிகள். ஒன்றின் பெயர் ‘பிரிகாக் அண்ட் கேஞ்சஸ்’. பிரிகாக் என்பது ஃபிலிங்கன் வழியாக ஓடி டான்யூப் நதிக்குத் தாயாகும் சிற்றாறு.

நேர்மையாகச் சொன்னால், அந்தத் தட்டில் இரு தரப்பும் கலக்கவில்லை. சம்பந்திகள் முதன்முறை சந்திக்கும்போது ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் மரியாதையாகக் காத்திருப்பார்களே, அப்படி முறை வைத்து வாசிக்கிறார்கள். ராகம் தன் நிலத்தில் நிற்கிறது. ஜாஸ் குழு உள்ளே வந்ததும் சிதார் ஒதுங்குகிறது. என் காதுக்கு இரு தரப்பும் உண்மையாகவே நெருங்கி வருவது தாள வாத்தியங்களில் மட்டும்தான். சாத்தேயின் விரலும் நொய்மையரின் குச்சியும் ஒன்றை ஒன்று தேடிப் போகின்றன.

ஷ்வைட்சரோ மோதிஹாரோ திறமையில் குறைந்தவர்களில்லை. ஜோடி பொருந்தவில்லை, அவ்வளவுதான். சிதார் அறைக்குள் வாசிக்கும் வாத்தியம். அதன் கார்வை கேட்கச் சுற்றிலும் அமைதி வேண்டும். கட்டற்ற ஜாஸோ மூச்சும் தோலும் முழுப் பலத்தோடு மோதிக்கொள்ளும் இசை. இந்தியா என்றால் சிதார் என்று ஐரோப்பா நினைத்திருந்த காலம் அது. அந்தக் கூடத்தில் ஒரு நாயனமும் ஒரு தவிலும் இருந்திருந்தால் வேறொரு சரித்திரம் பிறந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாயனத்தை ஜாஸோடு சேர்க்கும் அந்த வழியைக் கண்டுபிடித்தவர் சார்லி மரியானோ. 1923ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்த சாக்சபோன் கலைஞர். பிற்காலத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி 2009ல் அங்கேயே காலமானார். 1960களில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தரப் போனபோது நாதசுரம் அவரைப் பிடித்துக்கொண்டது. தமிழர் குடியேறிய நாட்டில் தமிழரின் வாத்தியம் அவரைத் தேடி வந்தது என்றே சொல்ல வேண்டும். பிறகு இந்தியா வந்து முறையாகக் கற்றார். 1970களில் ஐரோப்பிய மேடைகளிலும் இசைத்தட்டுகளிலும் அவர் நாதசுரம் ஊதினார். நாற்பது வயதைக் கடந்த, சாக்சபோனில் பெயரெடுத்துவிட்ட ஒருவர் சீவாளியை உதட்டில் வைத்து மறுபடி மாணவராவதற்கு எவ்வளவு பணிவு வேண்டும் என்பது நாயனக்காரர்களுக்குத் தெரியும். 1983ல் பெங்களூர் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவோடு, ஆர்.ஏ. ரமாமணியின் குரலும் டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கமும் சேர, அவர் ‘ஜோதி’ என்ற தட்டைப் பதிவுசெய்தார். அதை வெளியிட்டது மியூனிக்கின் இ.சி.எம். நிறுவனம். அந்தக் கல்லூரியில் பயின்றவர் சென்னையில் 1948ல் பிறந்த ரமேஷ் சோதம். ராக் இசை டிரம்ஸில் தொடங்கித் தவிலுக்கு வந்த அவர் கொலோனில் குடியேறி, ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் தவிலுக்கு ஓர் இடம் பெற்றுத் தந்திருக்கிறார்.

இனி இந்த உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பெர்லினைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக் பியானோ, இங்கிலாந்தின் இவான் பார்க்கர் சாக்சபோன், ஆகன் நகரத்து பால் லோவன்ஸ் டிரம்ஸ். 1970களின் தொடக்கத்தில் சேர்ந்த இந்த மூவர் பல பத்தாண்டுகள் ஒன்றாகவே வாசித்தார்கள். குளிர்காலந்தோறும் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வது அவர்கள் வழக்கமாக இருந்தது. ‘பாகிஸ்தானி பொமேட்’ என்ற அவர்களுடைய தட்டு 1972 நவம்பரில் பிரெமன் நகரில் பதிவானது. இந்தக் குழுவில் பாஸ் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அடிச்சுருதி தாங்க ஆளில்லை. டிரம்ஸ்காரர் காலப்பிரமாணம் பிடித்துத் தருவதும் இல்லை. முன்கூட்டி எழுதிய மெட்டும் கிடையாது. பிறகு எதன்மேல் நிற்கிறார்கள்?

நம் பெரிய மேளத்தை நினைத்துப் பாருங்கள். நாயனம், தவில், ஒத்து, தாளம். நாயனக்காரர் கம்பீரநாட்டையில் மல்லாரியை மூன்று காலத்தில் ஊதும்போதும், தவில்காரர் கணக்கை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகும்போதும் அவர்கள் திரும்பி வந்து சேர ஓரிடம் உண்டு. ஒத்துக்காரர் ஊதும் ஒற்றைச் சுரமும் தாளக்காரரின் கைத்தாளமும்தான் அந்த இடம். ஷ்லிப்பன்பாக் குழுவினர் ஒத்தையும் தாளத்தையும் எடுத்துவிட்டு மேளம் வாசிக்கிறார்கள். அதனால் ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் ஒத்தாக இருக்க வேண்டியிருக்கிறது. பியானோ சிதறும்போது சாக்சபோன் தாங்குகிறது. சாக்சபோன் பிளிறும்போது லோவன்ஸ் ஒரே ஒரு தாள வட்டைத் தேய்த்து அதற்குத் தரை போடுகிறார். நாயனக் கச்சேரியில் தவில்காரரின் முகத்தை நாயனக்காரர் பார்க்கும் பார்வையை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

இதைவிட ஆழமான உறவு மூச்சில் இருக்கிறது. ஒத்து நாயனத்தைப் போலவே இருக்கும், ஆனால் விரல் துளை கிடையாது. ஊதுபவர் கன்னத்தில் காற்றை நிறுத்தி, அது சீவாளிக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். சுவாமி நாலு வீதி சுற்றி வரும்வரை ஒலி அறாது. இவான் பார்க்கர் சோப்ரானோ சாக்சபோனில் கையாள்வது இதே மூச்சு முறைதான். 1975ல் தொடங்கித் தனிக் கச்சேரித் தட்டுகளாகவே இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஆனால் அவர் அந்த அறாத மூச்சில் ஒற்றைச் சுரத்தை நிறுத்தவில்லை. விரல்களை ஓயாமல் ஓட்டி, ஒரே குழாயிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்கும்படி செய்கிறார். நம்மிடம் அசையாமல் நிற்பதற்காகப் பழகிய மூச்சு அவரிடம் ஓடுவதற்காகப் பழகியிருக்கிறது. அவரை உலகம் மேதை என்று கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். அதே மூச்சைப் பழகிய நம் ஒத்துக்காரரோ சுருதிப்பெட்டி வந்த பிறகு பெரும்பாலான மேளங்களிலிருந்து விடைபெற்றுவிட்டார். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

பார்க்கரின் மூச்சு நமக்குக் கேட்கக் கிடைத்ததே எப்படி? அந்த இசைக்காரர்களைப் பெரிய நிறுவனங்கள் சீந்தவில்லை. அவர்களே சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்கள். 1967ல் நெதர்லாந்தில் ஐ.சி.பி., 1969ல் பெர்லினில் எஃப்.எம்.பி., 1970ல் லண்டனில் பார்க்கரும் நண்பர்களும் தொடங்கிய இன்கஸ். எஃப்.எம்.பி.யின் யோஸ்ட் கெபர்ஸ் தானும் ஒரு பாஸ் கலைஞர். கச்சேரி நடத்துவார், அவரே பதிவும் செய்வார். ஷ்வைட்சரின் டாக்ட்லோஸ் விழாப் பதிவை முதல் தட்டாகக் கொண்டு 1986ல் சூரிக்கில் இன்டாக்ட் நிறுவனம் பிறந்தது. பாடகி மேகி நிக்கல்ஸ், பாஸ் கலைஞர் ஜோயல் லேயாந்த்ர் இருவரோடும் சேர்ந்து ‘லே தியாபோலிக்’ என்ற பெயரில் அவர் நடத்திய மூவர் குழுவும் அங்கேதான் பதிவானது. ஷ்வைட்சர் 2024ல் மறைந்தபோது, ஏறத்தாழ அவருடைய முழு வாழ்க்கையும் ஒலியாகக் கைவசம் இருந்தது. கூட்டம் குறைந்த இசைக்கு இது வாய்த்தது. ஊரே கூடிக் கேட்கும் நம் மேளத்துக்கு வாய்க்கவில்லை.

ஃபிலிங்கன் தட்டுக்கு அடுத்த ஆண்டு, 1968ல், ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படம் வந்தது. அதில் ஒலிப்பது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரம். தமிழ்நாடே கேட்டது, இன்றும் கேட்கிறது. ஆனால் அது படத்துக்காகச் சில நிமிடங்களாக நறுக்கிய வாசிப்பு. அதற்கு முந்தைய 78 சுழல் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் இடம். சித்திரை வீதியிலும் மாசி வீதியிலும் மணிக்கணக்கில் நீளும் புறப்பாட்டு வாசிப்பு, நின்று வாசித்து, நடந்து வாசித்து, கூட்டத்தைப் பார்த்து ராகத்தை நீட்டிக் குறுக்கும் அந்த வாசிப்பு எத்தனை பதிவில் இருக்கிறது? உறையில் நாயனக்காரர் பெயர் இருக்கும். ஒத்து ஊதியவர், தாளம் போட்டவர் பெயர் தேடினாலும் கிடைப்பது அரிது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கோயில் விழாக்களில் நாயனத்தோடும் தவிலோடும் பம்பையும் தமுக்கும் உறுமியும் சேர்ந்து முழங்கும் நையாண்டி மேளத்தின் நிலை இதைவிட மோசம். சபா மேடை அதை ஏற்கவில்லை. ஒலிப்பதிவுக்காரர்களும் கரகாட்டத்துக்குப் பின்னணியாகவே அதைக் கண்டார்கள்.

இந்த மேளங்களைப் பதிவுசெய்யும் வேலையைக் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். நல்ல ஒலிப்பதிவுக் கருவிக்கு இன்று பெரிய முதல் தேவையில்லை. முதலில் ஒரு நையாண்டி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஓரிடத்திலும் வெட்டாமல் பதிவுசெய்யுங்கள். தவில்காரர் தவிலை முறுக்கும் ஒலியும் சீவாளியைச் சரிபார்க்கும் ஒலியும் உள்ளேயே இருக்கட்டும். வாசித்த அனைவரின் பெயரையும் ஊரையும், வாசித்த இடத்தையும் நாளையும் எழுதுங்கள். பதிவின் உரிமையும் அதில் வரும் காசும் வாசித்தவர்களுக்கே என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எஃப்.எம்.பி.யின் இசைக்காரர்கள் அந்த உரிமையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். நம் மேளக்காரர்களுக்கு அதை நாம் முன்வந்து தர வேண்டும்.