மூத்த தாரத்து மக்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழின் தொன்மையையும் இலக்கியத்தின் இனிமையையும் எடுத்துரைக்க இம்மேடையில் கற்றோர் பலர் இருக்கின்றனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த நாங்கள், நம் காலனி வீடுகளில் நிகழும் ஒன்றைப் பற்றி மட்டும் சில சொற்கள் கூற விழைகின்றோம். பிரிந்து வளர்ந்த மூத்த தாரத்து மக்கள், பெரியவர்களான பின்னர்த் தந்தை வீட்டிற்கு வருங்கால், அவ்வீட்டார் அவர்களை ஏற்கும் முறை பற்றியதே அது.

நாகபுரியில் வாழும் நமக்குச் சென்னை 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. சிறு பிள்ளைகளை விட்டுத் தாய் மறைந்துவிட்டால், வேலைக்குச் செல்லும் தந்தை அவர்களை இங்கே தனியே வளர்த்தல் அரிது. ஊரில் உள்ள தாத்தா பாட்டி வீடே அவர்களுக்குத் தஞ்சம். பின்னர் மறுமணம் நிகழ்கிறது. புதிய குடும்பம் இங்கே. மூத்த மக்கள் அங்கே. இங்குள்ளோர்க்குப் பள்ளியில் இந்தியும் மராத்தியும், அங்குள்ளோர்க்குத் தமிழ். இந்தக் கோடை இல்லையென்றால் அடுத்த கோடை என்று ஆண்டுகள் உருண்டோடுகின்றன. எவரும் எவரையும் பகைக்காமலே உறவு மங்கிப்போகிறது.

பிறர் வீட்டுச் செய்தியை மேடையில் பேசுதல் முறையன்று. ஆதலின் எங்கள் இல்லத்துச் செய்தியையே சொல்லுகின்றோம்.

மூத்த இல்லாள் மறைந்தபோது மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. தாய்வழிப் பாட்டனார் இருவரையும் தஞ்சை மாவட்டத்திலுள்ள தம் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். மாதந்தோறும் பணம் அனுப்பினோம். விடுப்பில் சென்று பார்த்தும் வந்தோம். ஆனால் இளைய இல்லாளை அவ்வீட்டிற்கு அழைத்துச் செல்லும் வாய்ப்பு அமையவில்லை. மகளை இழந்த முதியோரின் மனப்புண் அத்தகையது. இவ்வாறு பதினேழு ஆண்டுகள் கழிந்தன. மகளுக்கு வரன் அமைந்ததும், அண்ணனும் தங்கையும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினர்.

வாசலில் நின்ற மகனின் கண்கள் முதலில் சென்றது கூடத்துச் சுவருக்கே. அங்கே அவன் அன்னையின் படம், அன்றைய பூவோடு, எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வந்தான்.

"என்னை அம்மா என்று அழைக்கவேண்டும் என்பதில்லை. உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படி அழையுங்கள்" என்று எங்கள் இல்லத்தரசி கூறிவிட்டார். மூன்று நாள் எவ்வித அழைப்பும் இல்லை. நான்காம் நாள் காலை, சமையலறையிலிருந்து மகளின் குரல் கேட்டது: "சின்னம்மா, புளி எங்கே இருக்கிறது?" அவ்வளவே. இல்லத்தரசி புளிப் பானையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் சென்று வெகுநேரம் நின்றார்.

அன்று மாலை டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. மூத்தவரின் இரட்டை வடச் சங்கிலி, ஜிமிக்கி, வெள்ளிக் குத்துவிளக்கு அனைத்தும் பட்டியலோடு மகள் கையில் தரப்பட்டன. மகன் பட்டியலை இருமுறை படித்தான். பிறகுதான் அவன் தன் தம்பியைப் பெயர் சொல்லி அழைத்தான். இங்கே பிறந்த அச்சிறுவனோ அண்ணனைப் "பையா" என்றான்! எல்லோரும் சிரித்தோம். அண்ணன் ஊர் சென்று எழுதிய கடிதத்தைத் தம்பியால் படிக்க இயலவில்லை. அதன் பின்னரே அவன் நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பிற்கு ஒழுங்காக வரத் தொடங்கினான். மகனின் தயக்கம் முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆயினும் தங்கையின் திருமணத்தில் சின்னம்மாவை மணவறை அருகே அழைத்து நிறுத்தியவன் அவனே.

மாற்றாந்தாய் உறவைப் பற்றி நம் முன்னோர் எண்ணாமல் இல்லை. இராவண வதத்திற்குப் பின் தசரதன் வானினின்று வந்து வரம் கேட்கச் சொன்னபோது, அவன் வெறுத்து ஒதுக்கிய கைகேயியையும் பரதனையும் தாயும் தம்பியுமாகத் திரும்பத் தருமாறு இராமன் வேண்டியதாகக் கம்பர் பாடியுள்ளார். பதினான்கு ஆண்டு காட்டில் வாழ்ந்த மகன் கேட்டது அதுவே! ஆனால், வருகின்ற மக்கள் எல்லோரும் இராமனாக இருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாமோ? நம் வீடுகளில் முதல் அடியைப் பெரியவர்களே வைத்தல் வேண்டும்.

சட்டமும் சிறிது அறிந்திருத்தல் நலம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது மறைந்த தந்தையின் தனிச் சொத்தில் இரு தாரத்து மக்களுக்கும் சமபங்கு உண்டு. மறைந்த தாயின் நகையிலும் அவள் பெற்ற மக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் மாற்றாந்தாயின் சொந்தப் பொருளில், மூத்தாள் மகன் "மகன்" என்னும் சொல்லில் அடங்கான் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் அம்மக்களுக்கும் ஏதேனும் தர விரும்பும் தாய்மார்கள் உயில் எழுதிவைத்தல் வேண்டும். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, பெற்றோர் என்பதில் மாற்றாந்தாயையும் மாற்றாந்தந்தையையும் சேர்த்துள்ளது. சட்டம் முதுமையில் சோறு வாங்கித் தரலாம். "சின்னம்மா" என்னும் அழைப்பை வாங்கித் தர இயலாது.

தாய்மார்களே! மறைந்தவரின் படத்தை மறைக்காதீர்கள். வளர்த்த தாத்தா பாட்டியைக் குறைகூறாதீர்கள். அவர்கள் வளர்த்ததனாலன்றோ நம் வாசலில் வளர்ந்த பிள்ளைகள் வந்து நிற்கின்றனர்! அவர்களுக்குரிய பொருளை அவர்கள் கேட்குமுன் கொடுத்துவிடுங்கள். அழைப்புச் சொல்லை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அது தானே வரும். வரத் தாமதமானாலும் இலையில் அவர்களுக்குரிய இடம் இருக்கட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!