சமையல் பழகும் பிள்ளைக்கு ஒரு நூல்

அடுக்களையில் ஆர்வங் காட்டும் பிள்ளைக்குச் சமையல் நூல் வாங்கச் செல்லும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பெரும்பாலும் வண்ணப் படங்களைக் கண்டு மயங்கிவிடுகின்றனர். முதலிற் புரட்டிப் பார்க்கத் தக்கது சொதிக்குரிய பக்கம். 'பால் விட்டுக் கொதித்ததும் இறக்குக' என்று மட்டும் எழுதிய நூல் சமைக்கத் தெரிந்தவருக்கே உதவும். முதற்பால் விட்டபின் மிகக் கொதித்தால் பால் திரைந்துவிடும். ஆகையால் துழாவிக்கொண்டே நின்று, நுரை கூடிவரும்போது இறக்கவேண்டும். தேசிக்காய்ப் புளியைச் சற்று ஆறிய பின்னரே விடவேண்டும். இவற்றைக் காரணத்தோடு சொல்லும் நூலே பிள்ளைக்கு ஏற்றது. திரைந்த சொதியைக் கண்டு வீட்டார் நகைத்தால் அப்பிள்ளை மறுமுறை அகப்பையைத் தொடாது. பிழை நூலினுடையதாயிருக்க, பழி பிள்ளைமேல் விழும்.

அளவும் அத்தகையதே. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்ற நூல்கள் விரிவானவைதாம். எனினும் பழைய தமிழகத்து நூல்களில் வரும் ஆழாக்குக் கணக்கு, சுண்டால் அரிசி அளக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விளங்காது. 'உப்பு வேண்டிய அளவு' என்பதோ எந்தப் பிள்ளைக்குமே விளங்காது.

கடையிலேயே ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்து, "முதலில் என்ன செய்வாய்?" என்று பிள்ளையைக் கேட்கலாம். தயங்காது விடை வந்தால் நூலை வாங்கலாம். எண்ணெய்ச் சட்டி ஏற்றும் பலகாரங்களை மட்டும் பெரியவர் அருகிருக்கும் நாளுக்கு ஒதுக்கிவைத்தல் நன்று. அதற்குள் சம்பலும் சொதியும் கைவந்துவிடும்.