தட்டில் தங்கிய இசை

மேல்நாட்டுச் சங்கீதத்தில் நமக்கு அதிகப் பழக்கமில்லாத இரண்டு துறைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒன்று, ஆபெரா என்னும் இசை நாடகம். மற்றொன்று, ஹார்ப்ஸிகார்டு என்னும் தந்திக் கருவி. இவ்விரண்டையும் நேரில் கேட்கும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும். மற்றவர்களுக்கு ஒலிப்பதிவே கதி. ஆகையால், இக்கலைகள் இசைத்தட்டில் வந்து அமர்ந்த வரலாற்றையும், அவ்வாறு அமர்ந்ததனால் அவை பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதையும் சேர்த்தே ஆராய்வது பொருத்தமாகும்.

முதலில் ஆபெராவை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர் சிலர், பண்டைக் கிரேக்கரின் நாடகங்கள் பாட்டாகவே நடிக்கப்பட்டன என்று கருதினார்கள். அம்மரபை மீட்க வேண்டும் என்று அவர்கள் செய்த முயற்சியிலிருந்து, 1600-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்ததே ஆபெரா. நம் பழைய நாடக மேடையில் வசனத்துக்கு நடுவே பாட்டு வரும். ஆபெராவிலோ பெரும்பாலும் வசனமும் பாட்டாகவே வரும். அதில் இரு பகுதிகளை நாம் பிரித்தறியலாம். கதை நின்று, உள்ளத்து உணர்ச்சி மட்டும் பொங்கி வழியும் இடம் ‘ஆரியா’. கதை நடக்கும் இடம் ‘ரெசிட்டட்டிவ்’. விருத்தம் பாடுகிறவர் தாளக்கட்டின்றி, சொல்லின் பொருளுக்கேற்ப நீட்டியும் நிறுத்தியும் பாடுவது போன்றது இப்பகுதி. பதினெட்டாம் நூற்றாண்டு நாடகங்களில் இவ்விடம் வந்ததும் வாத்தியக் கூட்டம் ஓய்ந்துவிடும். பாடகருக்குத் துணையாக ஹார்ப்ஸிகார்டும் ஒரு தாழ்சுருதித் தந்திக் கருவியும் மட்டும் நிற்கும். நான் எடுத்துக்கொண்ட இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இதுவே.

ஹார்ப்ஸிகார்டு, தோற்றத்தில் பியானோவைப் போன்றது. பிறப்பில் வேறு குலம். பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்ஸிகார்டில் கட்டையை அழுத்தினால் மெல்லிய மரச் சட்டம் ஒன்று மேலெழும்புகிறது. அதில் பொருத்திய காக்கை இறகின் முள், தந்தியைச் சுண்டிவிட்டு மேலே போகிறது. விரலை எடுத்தவுடன் சட்டம் கீழிறங்க, அதன் துணித்துண்டு தந்தியின் அதிர்வை அடக்குகிறது. ஆகவே அதன் நாதம் பியானோவைக் காட்டிலும் நம் வீணைக்கே நெருங்கிய உறவு. ஆனால் வீணைக்கு உள்ள ஒரு வசதி இதற்கு இல்லை. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும், எவ்வளவு வலிந்து அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. எனவே வாசிப்பவர் தம் உணர்ச்சி முழுவதையும் காலப் பிரமாணத்தின் நுட்பத்தால்தான் காட்டவேண்டும். ஒரு ஸ்வரத்தை இமைப்பொழுது தாமதித்து விடுதல், ஒன்றைச் சற்றே நீட்டி அடுத்ததோடு கலக்கவிடுதல், அலங்காரங்களைச் சேர்த்தல் ஆகியவையே அவர் கையிலுள்ள ஆயுதங்கள்.

மெல்லோசையும் வல்லோசையும் விரலின் அழுத்தத்தாலேயே எழுப்பத்தக்க கருவியை, 1700-ஆம் ஆண்டை ஒட்டி அதே பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோபோரி என்பவர் செய்தார். அதுவே பியானோவின் தொடக்கம். நூறு ஆண்டுகள் செல்லுமுன் ஹார்ப்ஸிகார்டு மேடையிலிருந்து மறையத் தொடங்கியது. பின்னர் அருங்காட்சியகத்துப் பொருளாயிற்று.

ஒலிப்பதிவின் வரலாற்றில் ஆபெரா முந்திக்கொண்டது. 1902-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், மிலான் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் தம் கருவிகளைப் பூட்டினார். அங்கே வந்து ஒரே பிற்பகலில் பத்துப் பாடல்களைப் பாடிக்கொடுத்தார் என்ரிக்கோ கரூஸோ என்ற இருபத்தொன்பது வயதுப் பாடகர். அவர் கேட்ட ஊதியம் நூறு பவுன். அது மிக அதிகம், பதிவு செய்ய வேண்டாம் என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், தாம் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் கெய்ஸ்பெர்க் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் அவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். கரூஸோவின் குரலும் கௌஹர் ஜானின் குரலும் ஒரே மனிதர் கையால், ஒரே ஆண்டில் தட்டில் ஏறின.

அந்நாளில் மைக்ரோபோன் கிடையாது. ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்கு எதிரே நின்று பாடவேண்டும். குரலின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது பாடகர் பின்னால் நகரவேண்டும். தணிந்த இடத்தில் குழலுக்குள் தலையை நுழைப்பது போல் நெருங்கவேண்டும். வயலினின் ஓசை குழலுக்கு எட்டாது. அதனால் உலோகக் குழல் பொருத்திய தனி வகை வயலினைக் கையாண்டார்கள். பெரிய தந்திக் கருவியின் தாழ்ந்த ஸ்வரங்களுக்குப் பதிலாகப் பித்தளை வாத்தியத்தை ஊதினார்கள். இத்தகைய பொறிக்கு ஏற்றது ஆபெராப் பாடகரின் முழங்கும் குரலே. மின்சாரத்தின் உதவியின்றிப் பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டும்படி பயின்ற குரல் அது. ஹார்ப்ஸிகார்டின் நுண்ணிய ஓசைக்கு அங்கே இடம் ஏது? மைக்ரோபோன் கொண்டு பதிவு செய்யும் முறை 1925-இல் வந்த பிறகே அதற்கு விடிவு பிறந்தது.

தட்டில் ஏறிய ஆபெராவும் முழு ஆபெராவாக ஏறவில்லை. தட்டின் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிஷமே ஓடும். ஆகையால் ஆரியாக்களை மட்டும் பறித்தெடுத்து விற்றார்கள். 1934 முதல் 1936 வரை, இங்கிலாந்தில் கிளைண்ட்போர்ன் நாடக அரங்கினர், பிரிட்ஸ் புஷ்ஷின் தலைமையில் மோட்ஸார்ட்டின் மூன்று நாடகங்களைப் பதிவு செய்தார்கள். இன்றும் போற்றத்தக்க பதிவுகள் அவை. ஆயினும் ‘பிகரோவின் திருமண’த்தில் ரெசிட்டட்டிவ் பகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ‘டான் ஜியோவானி’யில் அவை உண்டு, ஆனால் ஹார்ப்ஸிகார்டு வாசிக்கவேண்டிய இடத்தில் பியானோவே ஒலிக்கிறது. கதையென்னும் நூலை உருவிவிட்டு முத்துக்களை மட்டும் கையில் கொடுத்தால் அது மாலையாகுமா? ஆபெரா என்றால் உரத்த பாட்டுகளின் தொகுப்பு என்ற எண்ணம் பரவியதற்கு, அக்காலத்துத் தட்டின் குறுகிய அளவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். 1948-இல் நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்தபின் இக்குறை நீங்கிற்று. முழு அங்கத்தையும் இடையறாத கதையோட்டத்தோடு கேட்க முடிந்தது. ரெசிட்டட்டிவ் திரும்பியது, அதனோடு ஹார்ப்ஸிகார்டும் தன் பழைய ஆசனத்துக்குத் திரும்பியது.

அவ்வாறு திரும்புவதற்கு வழி வகுத்தவர் ஒரு பெண்மணி. வாண்டா லாண்டோவ்ஸ்கா 1879-இல் வார்ஸாவில் பிறந்தார். பியானோவில் தேர்ந்த அவர், பாக் முதலான பழைய மேதைகள் எழுதியதை அவர்கள் எழுதிய கருவியிலேயே வாசிக்கவேண்டும் என்று பிடிவாதம் கொண்டார். பலர் நகைத்தார்கள். பாரிஸ் நகரத்துப் பிளேயேல் நிறுவனத்தார் அவருடைய விருப்பப்படி, 1912-இல் பெரிய ஹார்ப்ஸிகார்டு ஒன்றைச் செய்தளித்தனர். 1925-இல் பாரிஸுக்கு அருகே ஸேன்-லூ என்ற சிற்றூரில் குடியேறி, அங்கே ஒரு பள்ளியை நிறுவினார். இரண்டாண்டில் ஒரு சிறு இசை மண்டபமும் எழுப்பினார். பாக் இயற்றிய ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்னும் உருப்படியில் ஒரு பாட்டும், அதன் அடியில் ஓடும் தாழ்சுருதி வரிசையை ஆதாரமாகக் கொண்ட முப்பது மாறுதல்களும் உண்டு. 1933-இல் அதை முழுமையாக அம்மண்டபத்தில் வாசித்தார். அதே ஆண்டில் அதைத் தட்டிலும் பதிவு செய்தார்.

பின்பு யுத்தம் வந்தது. 1940-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பாரிஸில் அமர்ந்து ஸ்கார்லாட்டியின் ஸொனாட்டாக்களை அவர் பதிவு செய்துகொண்டிருந்தார். அவற்றுள் டி மேஜர் சுருதியில் அமைந்த ஒரு ஸொனாட்டாவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கம்பீரமான ஊர்வலம் போன்ற நடை. அதற்கிடையே, சங்கீதத்தோடு சேராத கனத்த முழக்கம் வெளியிலிருந்து கேட்கிறது. அது விமான எதிர்ப்புப் பீரங்கியின் ஓசை. வாசிப்பில் தடுமாற்றமில்லை. தாளம் விலகவில்லை. அந்தத் தட்டை வீணென்று ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை. சரித்திர நூல்கள் பல சொல்லியும் என் மனத்தில் பதியாத அந்த யுத்த காலம், இந்தச் சில நிமிஷங்களில் பதிந்துவிட்டது.

சில மாதங்களில் ஜெர்மானியர் பாரிஸை நெருங்கினர். யூத குலத்தவரான லாண்டோவ்ஸ்கா, மண்டபத்தையும் கருவிகளையும் விட்டுத் தெற்கே ஓடினார். செப்டம்பரில் நாஜிகள் அவர் வீட்டுக்கு வந்து, வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் ஏடுகளையும் பழங்காலக் கருவிகளையும் பெட்டிகளில் அடுக்கி வாரிக்கொண்டு போனார்கள். அவர் லிஸ்பன் வழியாகக் கப்பலேறி நியூயார்க்கை அடைந்த நாள் 1941 டிசம்பர் 7. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் அன்றே. இரண்டரை மாதங்களுக்குள், 1942 பிப்ரவரி 21 அன்று, அந்நகரத்து டவுன் ஹாலில் கோல்ட்பெர்க் உருப்படியை முழுவதும் வாசித்தார். 1945-இல் அதை இரண்டாம் முறை பதிவு செய்தார். எழுபதாவது வயதில் பாக்கின் நாற்பத்தெட்டுப் பிரிலியூட்-பியூகுகளைப் பதிவு செய்யத் தொடங்கி, 1954-இல் முடித்தார். 1959-இல் மறைந்தார். ஸேன்-லூவில் சேர்த்த செல்வம் சிதறிப்போயிற்று. தட்டில் தங்கிய அவர் வாசிப்பு மட்டும் எவராலும் வாரிக்கொண்டு போக முடியாததாயிற்று.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபணையையும் சொல்லவேண்டும். லாண்டோவ்ஸ்காவின் ஹார்ப்ஸிகார்டு உண்மையான பழங்கருவி அன்று. அதில் பியானோவுக்குரிய இரும்புச் சட்டம் உண்டு; பழைய கருவிகள் பெரும்பாலானவற்றில் இல்லாத கனத்த தாழ்சுருதித் தந்திகளும் உண்டு. 1949-க்குப் பின், பாஸ்டனில் ஹப்பர்டும் டௌடும் பழைய கருவிகளின் அளவையே பின்பற்றி மெல்லிய மரத்தாலான கருவிகளைச் செய்தார்கள். ஹாலந்து தேசத்து குஸ்தாவ் லியோன்ஹார்ட் முதலியோர் அத்தகைய கருவிகளில் வாசித்த பதிவுகள் வந்தபின், லாண்டோவ்ஸ்காவின் ஓசை சிலருக்குச் செயற்கையாகத் தோன்றியது. நியாயமான ஆட்சேபணைதான். ஆயினும் இந்த விவாதமே எப்படி எழ முடிந்தது? இரண்டு ஓசைகளும் தட்டில் இருப்பதால் அல்லவா? ஸ்கார்லாட்டி எவ்வாறு வாசித்தார் என்று எவரும் கேட்டறிய இயலாது. லாண்டோவ்ஸ்காவின் குணத்தையும் குற்றத்தையும் நாம் காதாலேயே சீர்தூக்கலாம்.

வானொலிக்கும் இதில் ஒரு பெரும் பங்குண்டு. ஸ்கார்லாட்டி 1685-இல் பிறந்தவர். போர்ச்சுகல் அரசகுமாரியும் பின்னர் ஸ்பெயின் தேசத்து அரசியுமான மரியா பார்பராவுக்கு ஆசிரியராக இருந்து, 555 ஸொனாட்டாக்களை விட்டுச் சென்றவர். அவருடைய முந்நூறாவது பிறந்த ஆண்டை முன்னிட்டு, அவை அத்தனையையும் ஸ்காட் ராஸ் என்ற இளம் கலைஞர் பிரெஞ்சு வானொலிக்காக 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் பதிவு செய்தார். முப்பத்து நான்கு குறுந்தட்டுகள் கொண்ட தொகுதியாக அது வெளிவந்தது. நான்கு ஆண்டுகளில், முப்பத்தெட்டாவது வயதில் அவர் இறந்தார். இலாபத்தை மட்டும் கருதும் வியாபாரி இத்தகைய வேலைக்குத் துணிவது அரிது. பொதுமக்களின் வானொலி துணிந்தது.

பதிவினால் இழப்பும் உண்டு. பிழையான இடத்தை வெட்டி, வேறு வாசிப்பிலிருந்து எடுத்து ஒட்டுவது எளிதாகிவிட்டது. அதனால் பிழையின்மையே பெருமை என்று எண்ணத் தொடங்கினோம். இன்னொன்று, ஒலியின் அளவு. ஹார்ப்ஸிகார்டு ஒரு வரவேற்பறைக்கு ஏற்ற கருவி. பெட்டியின் திருகைத் திருப்பி அதை ஆபெராவின் அளவுக்கு முழங்கவிட்டால், இறகின் முள் பட்ட ஓசை ஆணியின் ஓசையாகிவிடும். அக்கருவி வெறும் தகரச் சத்தம் என்று சொல்கிறவர்களிடம், ஓசையைப் பாதியாகக் குறைத்துவிட்டு மீண்டும் கேளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. பெரும்பாலும் அவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோர், ஐந்து நிமிஷத்துக்கு மேற்படாத ஒரு ஸ்கார்லாட்டி ஸொனாட்டாவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதை இரவில், தெரு அடங்கிய பிறகு, தணிந்த ஓசையில் இருமுறை கேளுங்கள். ஆபெராவுக்கு வந்தால், புகழ்பெற்ற ஆரியாக்களின் திரட்டை வாங்காதீர்கள். ‘பிகரோவின் திருமண’த்தின் முதல் அங்கத்தை, பாட்டின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் கேளுங்கள். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே பாத்திரங்கள் வேகமாகப் பேசிக்கொள்ளும்போது, அவர்களுடைய கோபத்துக்கும் தந்திரத்துக்கும் பின்னால் ஒரு தந்திக் கருவி சுண்டிச் சுண்டி விடை சொல்லிக்கொண்டே வரும். காது அதனிடம் ஒருமுறை சென்றுவிட்டால், பிறகு எந்தப் பதிவிலும் அதைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.