அம்மா போட்ட முதல்

(நம் கிளப் ஹவுஸில் நடந்த மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியது. கேட்க வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)

போன மாதம் டாக்டர் அம்மா முழங்கால் வலியைப் பற்றிப் பேசியபோது ஹால் நிறைந்திருந்தது. இன்றைக்கு ராக் இசைத்தட்டு என்று நோட்டீஸ் போட்டதும் பாதி நாற்காலி காலி. பரவாயில்லை. வந்தவர்களுக்கு வடை கூடுதலாகக் கிடைக்கும்.

நம் நீச்சல் குளத்துப் பக்கம் ஒரு போர்டு இருக்கிறது. நடக்கவும், ஓடக்கூடாது என்று. குழந்தைகள் யாரும் அதை மதிப்பதில்லை, அது வேறு விஷயம். கிட்டத்தட்ட அதே வாசகத்தைத் தலைப்பாக வைத்து 1960ல் அமெரிக்காவில் ஒரு இசைத்தட்டு வந்தது. 'வாக் டோன்ட் ரன்'. வாசித்தவர்கள் வென்ச்சர்ஸ் என்ற குழு. அதில் பாடகர் கிடையாது, வார்த்தை கிடையாது. இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ். அவ்வளவுதான்.

நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பேங்கில் கிளார்க்காக இருந்தவன். படித்தது பி.காம். ராகம் தாளம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, அதற்கு சி பிளாக்கில் பாட்டு டீச்சர் இருக்கிறார். அந்தத் தட்டுக்கு யார் பணம் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்குத் தெரிந்த ராகம் அதுதான்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம். தலைநகர் வாஷிங்டன் இல்லை, இது பசிபிக் கடல் பக்கம். அங்கே சியாட்டில், அதற்குப் பக்கத்தில் டகோமா. டான் வில்சன் என்ற பையன் அப்பாவின் பழைய கார் விற்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். 1958ல் பாப் போகிள் என்ற இன்னொரு பையன் கார் பார்க்க வந்தான். பேச்சு கிட்டாருக்குப் போய்விட்டது. போகிளுக்குக் கட்டிட வேலை, செங்கல் அடுக்குகிற வேலை. கொஞ்ச நாளில் வில்சனும் அதே வேலைக்குப் போய் சிமெண்ட் கலவை சுமந்தான். இருவரும் அடகுக் கடையில் பழைய கிட்டார் ஆளுக்கொன்று வாங்கினார்கள். பகலில் செங்கல், ராத்திரியில் கிட்டார். கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் வெர்ஸடோன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வேறொரு குழு ஏற்கெனவே பதிவு செய்திருந்தது. வில்சனின் அம்மாதான் வென்ச்சர்ஸ் என்று சொன்னார். வென்ச்சர் என்றால் துணிந்து இறங்குகிற காரியம். வியாபாரத்திலும் அந்தச் சொல்லை அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மா பெயர் ஜோஸி வில்சன். என் பேச்சு அவரைப் பற்றித்தான்.

அந்த ஊரில் டோல்டன் என்று ஒரு தட்டுக் கம்பெனி இருந்தது. நடத்தியவர் பாப் ரைஸ்டார்ஃப். முந்தின வருஷம்தான் ஃப்ளீட்வுட்ஸ் என்ற குழுவை வைத்து அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்திருந்தார். அவரிடம் பையன்கள் போனார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நம் ஆட்களாக இருந்தால் இந்த இடத்தில் வீட்டில் என்ன சொல்லியிருப்போம்? ஒழுங்காகச் செங்கல் வேலையைப் பார் என்போம். ஜோஸி வில்சன் தானே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். புளூ ஹொரைசன் என்று பெயர். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம்.

சின்னத் தட்டு போடுவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். முதலில் ஸ்டுடியோவில் டேப்பில் பதிவு செய்ய வேண்டும். சியாட்டிலில் ஜோ போல்ஸ் என்பவர் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தார், இவர்கள் அங்கே போனார்கள். அந்த டேப்பிலிருந்து மெழுகு மாதிரி மெல்லிய பூச்சுள்ள ஒரு தட்டில் ஊசியால் பள்ளம் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை வைத்து, சூடாக்கிய பிளாஸ்டிக்கை அப்பளம் அழுத்துகிற மாதிரி அழுத்தினால் தட்டு. ஏழு அங்குலம், நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. அச்சு எடுக்கிற செலவு ஒரு தட்டு அடித்தாலும் அதேதான், ஆயிரம் அடித்தாலும் அதேதான். நம் கல்யாணப் பத்திரிகைக் கணக்கு. குறைவாக அடித்தால் ஒன்றின் விலை ஏறும், அதிகமாக அடித்தால் மிச்சம் வீட்டில் கிடக்கும். அப்புறம் ரேடியோ ஸ்டேஷன் வாசலில் போய் நிற்க வேண்டும், கடைகளில் வைக்கக் கேட்க வேண்டும். பெரிய கம்பெனி என்றால் இந்த நஷ்டமெல்லாம் அவர்களோடது. சொந்தமாகப் போட்டால் நம்மோடது. சுயாதீனத் தட்டு என்று இப்போது கௌரவமாகச் சொல்கிறார்களே, அதற்கு அர்த்தம் இதுதான்: விற்காவிட்டால் பெட்டி நம் வீட்டுக்கு வரும்.

புளூ ஹொரைசனின் முதல் தட்டு 'குக்கீஸ் அண்ட் கோக்'. பாடிய பாட்டு. ஓடவில்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் தட்டுக்கு ஒரு தாய் பணம் போடுவதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளை ஆசைப்பட்டான், கொடுத்தாள். அதைப் பாசத்தில் சேர்க்கலாம். ஆனால் முதல் கடன் வாராக் கடனான பிறகு அதே ஆளுக்கு, அதே தொழிலுக்கு, இரண்டாவது தடவை பணம் கொடுப்பது வெறும் பாசம் இல்லை. எங்கள் கிளையில் அப்படி ஒரு மனு வந்திருந்தால் மேனேஜர் மேஜை வரைக்கும் போகாது, என் கவுண்டரிலேயே திருப்பியிருப்பேன். அதுவும் இந்தத் தடவை வார்த்தையே இல்லாத பாட்டு. பாடிய பாட்டே விற்கவில்லை, பாடாத பாட்டு விற்குமா என்றுதானே யாரும் கேட்போம். ஜோஸி வில்சன் போட்டார்.

அந்தப் பாட்டை இவர்கள் எழுதவில்லை. ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கிட்டார்க்காரர் 1954ல் பதிவு செய்தது. அதை செட் அட்கின்ஸ் என்ற மேதை தன் பாணியில் விரல்களால் வாசித்து 1957ல் ஒரு எல்.பி.யில் போட்டார். அதைக் கேட்டுத்தான் இவர்கள் கற்றுக்கொண்டார்கள். அட்கின்ஸ் வாசித்த மாதிரி வாசிக்க இவர்களுக்கு வரவில்லை. வராததால் எளிமையாக்கினார்கள். ஏ மைனரிலிருந்து ஜி, எஃப், ஈ என்று படியில் இறங்குகிற மாதிரி நாலு கார்டு. கிட்டார் புதிதாகக் கற்கிற பையனுக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். உலகம் முழுக்க, நம் ஊர் காலேஜ் பேண்டுகள் உட்பட, வென்ச்சர்ஸ் பாட்டுகளை வாசித்துப் பழகியதற்கு அந்த எளிமைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பாட்டு டீச்சர் ஒத்துக்கொள்வாரா தெரியாது.

பதிவில் போகிள் முன்னால் வாசித்தார், வில்சன் தாளக் கிட்டார், நோக்கி எட்வர்ட்ஸ் பேஸ். டிரம்ஸ் வாசித்தவர் ஸ்கிப் மூர். அவருக்குக் கையில் 25 டாலர் அல்லது லாபத்தில் பங்கு, எது வேண்டும் என்று கேட்டதாகவும் அவர் 25 டாலரை வாங்கிக்கொண்டு போனதாகவும் இந்தக் கதை சொல்கிற எல்லோரும் சொல்வார்கள். சிரிக்காதீர்கள். அன்றைக்கு நானாக இருந்தாலும் அந்த 25ஐத்தான் எண்ணி வாங்கியிருப்பேன்.

தட்டு வந்தது. சியாட்டிலில் கே.ஜே.ஆர். என்ற ரேடியோ. அங்கே பேட் ஓடே என்ற அறிவிப்பாளர், மணிக்கொரு தடவை வரும் செய்தியை ஒட்டி இதைப் போட ஆரம்பித்தார். வார்த்தை இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், செய்திக்கு முன்னால் இடம் நிரப்ப வசதி. ஆக, எந்தக் குறையால் விற்காது என்று நாம் நினைப்போமோ அதுவே ஒரு நாளில் எத்தனையோ தடவை காதில் விழக் காரணமாயிற்று. கேட்டவர்களில் வேண்டாம் என்று சொன்ன ரைஸ்டார்ஃப்பும் ஒருவர். அப்புறம் டோல்டன் அதை எடுத்துக்கொண்டது, லிபர்ட்டி கம்பெனி மூலமாக நாடு முழுக்கப் போயிற்று. 1960 ஆகஸ்ட் கடைசியில் பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம். முதலிடத்தில் எல்விஸ் பிரெஸ்லி. அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1962ல் ஜப்பானுக்குப் போனார்கள். நாலு பேருக்கும் கொடுக்க ஏற்பாட்டாளரிடம் பணம் இல்லாததால் வில்சனும் போகிளும் மட்டும் போனார்கள். 1965ல் முழுக் குழுவாகப் போனபோது ஜப்பான் பையன்களெல்லாம் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க ஓடினார்கள். 1964ல் இதே பாட்டை வேறு மாதிரி வாசித்து மறுபடியும் முதல் பத்துக்குள் வந்தார்கள். 2008ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். போகிள் 2009லும் வில்சன் 2022லும் காலமானார்கள்.

இப்போது கையில் இருக்கும் தட்டு. முன்வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள், ஓரத்தைப் பிடித்து, விரல் பள்ளத்தில் படாமல். இது புளூ ஹொரைசன் தட்டு இல்லை, அது வாங்க என் பென்ஷன் போதாது. இது டோல்டன் தட்டு. மறுபக்கத்தைப் பாருங்கள். புளூ ஹொரைசன் தட்டில் மறுபக்கம் 'ஹோம்', வேறு யாரோ எழுதிய பழைய பாட்டு. டோல்டனும் முதலில் அதையே போட்டது. பின்னால் வந்த இந்தத் தட்டில் 'த மெக்காய்' இருக்கிறது, அது பையன்களே எழுதியது. ஏன் மாற்றியிருப்பார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு தட்டில் உள்ள ஒரு பாட்டுக்கு 2 சென்ட் உரிமைத் தொகை. 1909ல் வைத்த தொகை, 1978 வரை மாறவே இல்லை. ஜனங்கள் எந்தப் பக்கத்துக்காக வாங்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே காசு. லட்சம் தட்டு விற்றால் மறுபக்கத்துக்கு 2,000 டாலர், அதில் பதிப்பாளர் பங்கு போக மீதி எழுதியவருக்கு. முன்பக்கக் காசு ஜானி ஸ்மித்துக்குப் போகும். அவர் அப்போது கொலராடோவில் இசைக் கருவிக் கடை வைத்துக்கொண்டு மகளை வளர்த்துக்கொண்டிருந்தார், அவருக்குப் போனது நியாயம். மறுபக்கக் காசாவது வீட்டுக்கு வரட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். யார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு ஊகம் இருக்கிறது, உங்களுக்கும் அதுதான் இருக்கும்.

இந்தத் தட்டை எனக்கு வாங்கி வந்தவன் என் தம்பி மகன். தம்பி லைட் மியூசிக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவன். 1986ல் சொந்தமாக ஒரு கேசட் போட்டான், ஒரு பையனைப் பாட வைத்து. நான் 3,000 ரூபாய் கொடுத்தேன். ஐநூறு கேசட்டில் நானூறுக்கு மேல் என் கட்டிலுக்கு அடியில் மூன்று வருஷம் இருந்தது. அடுத்து, பாட்டே இல்லாமல் கிட்டார் மட்டும் வைத்து ஒன்று போடலாம் அண்ணா, பாடகர் செலவும் மிச்சம் என்று வந்தான். பழைய கணக்கை முடித்துவிட்டு வா என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போனான். அப்புறம் கேட்கவே இல்லை. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தான், நன்றாகத்தான் இருக்கிறான்.

ஜோஸி வில்சன் கதையை நான் படித்தது ரிட்டயர் ஆன பிறகு. படித்த அன்று தம்பிக்குப் போன் போட்டேன். அந்தக் கிட்டார் டியூன் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எந்த டியூன் அண்ணா என்றான். நிஜமாகவே மறந்துவிட்டானா, எனக்காகச் சொன்னானா, தெரியவில்லை.

சரி, தட்டைப் போடலாம். நடுவில் ஓட்டை பெரிதாக இருக்கிறது பாருங்கள், அமெரிக்க 45 தட்டு அப்படித்தான், இந்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை உள்ளே வைத்தால்தான் நிற்கும். ஏ பிளாக் சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள், கடகடவென்று சத்தம் போடுகிறது. இரண்டு நிமிஷம்தான். டிரம்ஸில் ஆரம்பிக்கும், அதைக் கவனியுங்கள், 25 டாலர் வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான்.