மலையகத்து மனநல ஆராய்ச்சியும் ஸ்தாபனங்களின் கூட்டுறவும்



மலையக மக்களின் மனநலம் பற்றிப் பேசப் பணிக்கப்பட்டேன். நோயைப் பற்றி வைத்தியர்கள் பேசுவார்கள். நோயை ஆராய ஒன்று சேரும் ஸ்தாபனங்கள் தம்முள் எவ்வாறு பழக வேண்டும் என்பதையே நான் விஷயமாக எடுத்துக்கொண்டேன். பல்கலைக்கழகமும் வைத்தியசாலையும் அரசாங்கத் திணைக்களமும் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் தனித்தனியே எத்துணை நல்லெண்ணம் உடையனவாயினும், கேள்வியை யார் எழுப்புவது, விடையை யாரிடம் ஒப்படைப்பது என்னும் இரண்டையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளாவிடில், அவற்றின் கூட்டு ஒப்பந்தக் கடதாசியோடு நின்றுவிடும் என்பது என் துணிபு.

இவ்விரண்டையும் தீர்த்துக்கொண்ட கூட்டுக்கு உதாரணம் நம் மலைக்கு அடுத்த பேராதனையிலேயே உண்டு. 1995-இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. விவசாய நஞ்சால் உயிர் ஊசலாடக் கிடந்தவர்களை வார்டுகளில் நேரிற் கண்ட வைத்தியர்களின் கவலையே ஆராய்ச்சிக் கேள்வியாயிற்று. மைக்கேல் எடில்ஸ்டன், ஆண்ட்ரூ டோசன் முதலிய அந்நிய நாட்டறிஞரும் நம் நாட்டு வைத்தியரும் சேர்ந்து உழைத்த தென்னாசிய நச்சியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, 2004-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு உருவாயிற்று. கொடிய நஞ்சுகளைத் தடுத்தால் விளைச்சல் குறையுமே என்ற ஆட்சேபம் எழுந்தபோது, அதற்கு விடை தேடிய 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவருள் பீடைநாசினிப் பதிவாளராயிருந்த காமினி மனுவீரவும் ஒருவர். விளைச்சல் குறையவில்லை என்று அது காட்டிற்று. அக்கட்டுரைக்கு முன்னரே, தடைகள் ஒவ்வொன்றாக வந்த பத்தாண்டுகளில், 2005-க்குள், தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. முடிவைச் செயலாக்கும் அதிகாரியே ஆராய்ச்சியிலும் பங்காளியாயிருந்தமையால், ஏடு அலமாரியில் உறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நஞ்சைப் பூட்டி வைக்க வீட்டுக்கொரு பெட்டி கொடுத்தால் உயிர்ச்சேதம் குறையுமா என்று அநுராதபுரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். பயன் தென்படவில்லை என்பதை 2017-இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். தோல்வியைச் சொல்லும் தைரியத்தைக் கூட்டாளிகள் முன்கூட்டியே ஒருவருக்கொருவர் அநுமதித்தல் வேண்டும்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஆய்வாளர் ஒருவர் தோட்டத் துரையின் அநுமதி பெற்று, கங்காணி காட்டிய வழியே மலைக்குச் சென்று, கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் ஒரு தாயிடம், "உங்களுக்கு மனக்கவலை உண்டா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவை குறைந்தால் அன்று அரைப் பேர்தான், அதாவது அரைநாட் சம்பளந்தான், விழும் என்ற அச்சத்தோடும், கங்காணி அருகில் நிற்கிறார் என்ற எச்சரிக்கையோடும் அவள் சொல்லும் "ஒன்றுமில்லீங்க ஐயா" என்ற விடையை விஞ்ஞானம் என்று எவரும் கொள்ளலாகாது. மாலையில் லயத்துக்குப் போய்க் கேட்டாலும், ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். குடிப்பழக்கமுள்ள கணவனைப் பற்றி அவள் எப்படி வாய் திறப்பாள்? எங்கே, யார் முன்னிலையில், எந்நேரத்தில் கேட்பது என்பதை அறிந்தவர்கள் பிள்ளைக் காம்பராவை நடத்தும் பெண்ணும், தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரும், மாதர் சங்கத்தாருமே. அவர்களைத் தகவல் திரட்டும் கூலிகளாக வைக்காமல், கேள்வித்தாளை வரையும் ஆசனத்திலேயே அமர்த்த வேண்டும். அவர்கள் செலவிடும் நாளுக்குப் பேரும் போட வேண்டும்.

இத்தகைய கூட்டுக்கு மேசை புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. 1992-இல் அமைந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்றும் ஏற்கெனவே சேர்ந்தே அமர்ந்திருக்கின்றன. பல்கலைக்கழகமும் அரசாங்க மனநல வைத்தியரும் அங்கே வந்து சேராதிருப்பதே குறை. அப்படிச் சேரும்போது, ஒருவர் சொன்ன அந்தரங்கம் நிர்வாகத்தின் கைக்கு ஒருபோதும் போகாது என்பதை முதல் நிபந்தனையாக எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் ஆலோசகரை நியமிக்காமல் எந்த ஆய்வையும் தொடங்காதீர்கள், ஏனெனில் துயரத்தைக் கிளறிவிட்டுச் சிகிச்சைக்கு வழி காட்டாமற் போவது அதர்மம்.

இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்களையும் தோட்ட அதிகாரிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: மலையகத்தில் இனி நடக்கும் எந்த மனநல ஆராய்ச்சியின் முடிவும், அந்நிய நாட்டுச் சஞ்சிகையில் அச்சாகுமுன், அதற்கு விடையளித்த மக்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படட்டும்.